நாட்டுக்கோழி முட்டையைக் கழுவி வைக்கலாமா?

கேள்வி இதுதான். கொல்லையில் ஏழெட்டு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. நாளுக்கு மூன்று, நான்கு முட்டை கிடைக்கிறது. சிலவற்றில் எச்சமும் மண்ணும் ஒட்டியிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த நாத்தனார், "எடுத்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்" என்கிறார். மாமியார், "முட்டையில் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

உங்கள் வீட்டுக்கு மாமியார் பேச்சுதான் பொருந்தும். நாத்தனார் சொல்வதிலும் பிழையில்லை. சோப்பைத் தவிர்த்துப் பார்த்தால் அவர் வாழும் நாட்டின் நடைமுறையே அதுதான். ஆனால் இருவரும் பேசாமல் விட்ட விஷயம் ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: அந்தச் சேவல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்குச் சுருக்கமான பதில்: எடுத்து வைக்கும்போது கழுவ வேண்டாம், சமைக்க எடுக்கும்போது கழுவிக்கொள்ளுங்கள். கழுவாமல் தீராது என்னும் அளவுக்கு அழுக்கான முட்டையை, சேமிக்க நினைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள்.

இனி காரணம். மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு முழு முட்டையாக வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் போல ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லும் அதுதான். ஓட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். கண்ணுக்கு இடைவெளியே இல்லாததாகத் தெரியும் அந்த ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. உள்ளே ஒரு குஞ்சு வளர நேர்ந்தால் அது மூச்சுவிட வேண்டுமே! கோழி கடைசியாகச் செய்யும் வேலை, இந்தத் துளைகளின் வாயை மறைக்கும்படி ஓட்டின்மேல் புரதத்தாலான மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புவது.

இந்தப் பூச்சைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோழி முட்டையிடும் நேரத்தில் பக்கத்தில் நின்று, இட்டதும் எடுத்துப் பாருங்கள். ஓடு ஈரமாகப் பளபளக்கும், விரலில் லேசாக ஒட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு திட்டுத்திட்டாக மங்கி, ஓரிரு நிமிடங்களில் முட்டை முழுவதும் உலர்ந்துவிடும். அந்த ஈரம் காய்ந்து படிந்ததுதான் பூச்சு. பழுப்பு நிற முட்டையாக இருந்தால், அந்த நிமிடத்தில் அழுத்தித் தேய்த்தால் கையில் நிறமும் கொஞ்சம் ஒட்டும். 'நாட்டு முட்டை என்று சாயம் பூசி விற்கிறார்கள்' என்ற பயம் நம் ஊரில் இருப்பதால் சொல்கிறேன்: ஓட்டின் பழுப்பு நிறமி அதிகமாக இருப்பது மேலடுக்கில்தான். உங்கள் சொந்தக் கோழியைச் சந்தேகிக்க வேண்டாம்.

"முட்டையும் எச்சமும் ஒரே வாய் வழியாகத்தானே வருகின்றன? அப்படியானால் முட்டை வரும்போதே அசுத்தம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளிவாய் ஒன்றுதான். ஆனால் முட்டையிடும் நேரத்தில் முட்டைக்குழலின் கடைசிப் பகுதி வெளியே பிதுங்கி வந்து முட்டையை விட்டுவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. குடலின் வழி அப்போது நசுங்கி மூடிக்கொள்கிறது. எனவே நலமாக இருக்கும் கோழியின் முட்டை சுத்தமாகத்தான் வெளியே வருகிறது. அழுக்கு பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒட்டுவது. நாம் அமைத்துக் கொடுத்த இடத்தில் ஒட்டுவது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அடுத்து, தண்ணீர் செய்யும் வேலை. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெளியே வந்த முட்டை ஆறத் தொடங்கியதும் உள்ளிருப்பவை சற்றுச் சுருங்குகின்றன. அந்த இடத்தை நிரப்ப, துளைகள் வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது மழுங்கிய முனையில் காணும் பள்ளம், அப்படி உருவாகிற காற்றறைதான். காற்றை இழுக்கிற துளை தண்ணீரையும் இழுக்கும். வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் போட்டால், உள்ளே இருப்பது சட்டென்று சுருங்கி, ஓட்டின் மேலிருக்கும் அழுக்குத் தண்ணீரைக் கிருமிகளோடு சேர்த்து உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த எச்சம் ஓட்டின்மேல் கிடப்பதைவிட, கரைந்த எச்சம் ஓட்டுக்குள் போவது ஆபத்தானது. தேய்த்துக் கழுவும்போது பூச்சும் சிதைகிறது. அதன் பிறகு அந்த முட்டைக்குக் காவல், உள்சவ்வுகளும் வெண்கருவில் இயல்பாக உள்ள கிருமியெதிர்ப்புப் புரதங்களும்தான். அவை நல்ல காவல்தான் என்றாலும், முதல் வேலியை நாமே பிடுங்கிப்போட வேண்டியதில்லை.

அப்படியானால் அமெரிக்காவில் ஏன் கழுவுகிறார்கள்? அங்கே நடப்பது வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கும் வேலை அல்ல. அமெரிக்க வேளாண் துறையின் தர முத்திரை பெறும் முட்டையைக் கழுவும் தண்ணீர் குறைந்தது 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதோடு, முட்டையின் வெப்பத்தைவிட 11 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். முட்டைகள் இயந்திரப் பட்டையில் நகர நகர, வெந்நீரும் அதற்கென்றே உள்ள கழுவுபொருளும் தெளிக்கப்படுகின்றன, கிருமிநாசினி கலந்த நீரில் அலசப்படுகின்றன, உடனே உலர்த்தப்படுகின்றன. முட்டை எதிலும் ஊறுவதில்லை. அதன் பிறகு கடை வரைக்கும், வீடு வரைக்கும் குளிர். 2009இல் வந்த உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிப்படி, 3,000 கோழிகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் பண்ணைகள் முட்டையிட்ட 36 மணி நேரத்துக்குள் 7.2 டிகிரி குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் நாத்தனார் கடையில் வாங்குவது இப்படி வந்த முட்டை. அதை அவர் ஃப்ரிட்ஜில் வைப்பது கட்டாயம்.

ஐரோப்பிய ஒன்றியம் நேர்மாறாகப் போயிற்று. அங்கே கடையில் விற்கும் 'ஏ' தர முட்டையைக் கழுவவே கூடாது என்பது விதி. கழுவும் வழக்கம் ஏற்கெனவே இருந்த ஸ்வீடன் போன்ற இடங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். கடையிலும் முட்டை ஃப்ரிட்ஜுக்கு வெளியேதான் இருக்கும். இட்ட நாளிலிருந்து 28 நாள் கெடு. கழுவ முடியாது என்று ஆகிவிட்டால் பண்ணைக்காரர் கூட்டையும் தரையையும் சுத்தமாக வைத்துத்தானே ஆக வேண்டும்? இந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரிட்டன் கதை இன்னும் சுவையானது. 1988 டிசம்பரில் சுகாதாரத் துறையின் இளநிலை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியைச் சால்மோனெல்லா (வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரவழைக்கும் கிருமி) பீடித்திருக்கிறது என்று சொல்லப்போக, விற்பனை தலைகுப்புற விழுந்தது; இரண்டே வாரத்தில் அவர் பதவி விலகினார். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த நிவாரணம் கழுவுவது அல்ல. 1990களின் பிற்பகுதியிலிருந்து, தரத்தின் அடையாளமாகச் சிங்க முத்திரை குத்தப்படும் முட்டைகளை இடும் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2017 வாக்கில், கர்ப்பிணிகளும் முதியவர்களும்கூட அந்த முத்திரை பெற்ற முட்டையை அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பே சொல்லிவிட்டது. ஜப்பானிலோ முட்டையைக் கழுவுகிறார்கள். சூடான சோற்றில் பச்சையாகவே உடைத்து ஊற்றியும் சாப்பிடுகிறார்கள். ஆக, கழுவுவது நல்லதா கெட்டதா என்பது தனியாக நிற்கும் கேள்வியே அல்ல. கழுவினால் முறையாகக் கழுவ வேண்டும், உடனே உலர்த்த வேண்டும், உடனே குளிரில் வைக்க வேண்டும், கடைசிவரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று அறுந்தாலும், கழுவாமல் விட்டிருந்தால் தேவலை என்று ஆகிவிடும்.

நம் ஊர்க் கடை முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாமக்கல்லிலிருந்து முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கி லாரியில் வரும் முட்டை பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, கழுவி அனுப்புகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கூண்டின் கம்பித் தளம் சாய்வாக இருக்கும்; கோழி இட்டதும் முட்டை உருண்டு கூண்டுக்கு வெளியே உள்ள கம்பித் தொட்டியில் நின்றுவிடும். எச்சம் கம்பி இடுக்கு வழியே கீழே போய்விடும். முட்டையும் எச்சமும் சந்திக்கவே வழியில்லை. கொல்லையில் திரியும் உங்கள் கோழிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதன் முட்டை கொஞ்சம் மண்ணோடுதான் வரும்.

சரி, கூடையில் இன்று நான்கு முட்டை இருக்கின்றன. என்ன செய்வது? சுத்தமாக இருப்பதை அப்படியே விடுங்கள். துணியால் துடைக்கவும் வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் மண்ணோ எச்சமோ காய்ந்து ஒட்டியிருந்தால், நகத்தால் சுரண்டியோ, காய்ந்த தேங்காய் நாரால் தேய்த்தோ எடுத்துவிடலாம். தச்சர்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாளில் நைந்துபோன துண்டு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். முட்டை முழுவதையும் மெருகேற்ற வேண்டியதில்லை. எச்சம் ஈரமாக இருந்தால் காயும்வரை பொறுங்கள். ஈரத்துணியால் வரிசையாக எல்லா முட்டைகளையும் துடைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. முதல் முட்டையின் அழுக்கை ஏழாவது முட்டை வரை கொண்டுபோய்ப் பூசுகிறோம். கூடவே கிருமிகளுக்குத் தேவையான ஈரத்தையும் கொடுத்துவிடுகிறோம்.

பாதிக்கு மேல் எச்சம் அப்பியிருக்கும் முட்டையை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். கழுவி, அன்றே குழம்பிலோ பொரியலிலோ நன்றாக வேகவிட்டுச் சேர்த்துவிடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் குப்பைக்குழிக்குப் போகட்டும்; ஒரு முட்டையைக் காப்பாற்றி யாரும் மாளிகை கட்டப்போவதில்லை. விரிசல் விட்டு எத்தனை நேரம் கிடந்தது என்று தெரியாத முட்டையையும் எறிந்துவிடுங்கள்.

கழுவும் முறை எளிது. முட்டையைவிடச் சூடான தண்ணீர் வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். ஊற வைக்காமல், குவளையால் ஊற்றியோ குழாயடியில் பிடித்தோ விரலால் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். மே மாதத்து மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் இருக்கிறதே, அதைச் சூடாக்க வேண்டிய அவசியமே இருக்காது. கழுவும் இடத்தில் வெள்ளரிக்காயோ கொத்தமல்லியோ கிடக்கக் கூடாது. கழுவிய பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சோப்பு அங்கேதான் தேவை, முட்டைக்கு அல்ல. பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனையைக்கூடத் துளைகள் உள்ளே விட்டுவிடும்; அந்த வாசனையோடு வந்த ஆம்லெட்டை எந்த மிளகும் சரிசெய்யாது.

எலுமிச்சைச் சாறு, வினிகர், மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வினிகர் என்ன செய்யும் என்று பார்க்க ஆசையாக இருந்தால், ஒரு முட்டையை ஒரு டம்ளர் வினிகரில் போட்டுப் பாருங்கள். சில நொடிகளில் ஓடு முழுவதும் சின்னச் சின்னக் குமிழிகள் படரும். ஓட்டின் சுண்ணாம்பை அமிலம் தின்பதால் வெளியேறும் கரியமில வாயு அது. ஒன்றிரண்டு நாளில் ஓடே இல்லாத, தொட்டால் அமுங்கும் உருண்டை ஒன்று மிஞ்சும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. முட்டையைச் சுத்தம் செய்யும் வழி அல்ல. மஞ்சள் தண்ணீரால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை, பெரிய பயனும் இல்லை. கடைசியில் அதுவும் தண்ணீர்தான்.

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் பழைய சோதனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். நாள்பட்டது மழுங்கிய முனையை மேலே தூக்கி நிற்கும். மிகப் பழையது மிதக்கும். நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் துளைகள் வழியே வெளியேறிக் காற்றறை பெரிதாவதுதான் காரணம். இது சொல்வது முட்டையின் வயதை. அதில் கிருமி இருக்கிறதா என்பதை அல்ல. இந்தச் சோதனையும் ஒரு முழுக்குத்தான் என்பதால், சமைக்கப் போகும்போது மட்டும் செய்யுங்கள். சேமிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இருட்டு அறையில் செல்பேசி விளக்கை மழுங்கிய முனையில் ஒட்டிப் பிடியுங்கள். முட்டை சிவந்து ஒளிரும். காற்றறையின் வட்ட விளிம்பு கோடு போட்டதாகத் தெரியும். வட்டம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக இருந்தால் முட்டை புதியது.

இப்போது சேவல். சேவல் இருக்கும் கொல்லையில் கிடைக்கும் முட்டைகள் பெரும்பாலும் கருக்கூடியவை. சாப்பிட அதனால் ஒரு குறையும் இல்லை; சுவையும் மாறாது. சிக்கல் நம் வெயிலில் இருக்கிறது. கருக்கூடிய முட்டை ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரு வளராமல் தூங்கிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே வெப்பம் ஏற ஏற, அரைகுறையாக வளரத் தொடங்கும். அடைக்கோழியின் வயிற்றடியில் முட்டைக்குக் கிடைப்பது 37, 38 டிகிரி. சித்திரை, வைகாசியில் திருச்சியிலோ வேலூரிலோ சமையலறை அலமாரியே 34, 35 டிகிரியில் இருக்கும்போது, முட்டைக்கு அடைக்கோழியும் அலமாரியும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று நான்கு நாள் வெளியே கிடந்த முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின்மேல் ரத்த நாளங்கள் வலைபோட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். வளர்ச்சி ஒழுங்காக நடக்காததால் கரு செத்து, முட்டை வெகு சீக்கிரம் கூமுட்டையாகிவிடும். கோடையில் "வீட்டு முட்டை சீக்கிரம் கெட்டுப்போகிறது, கடை முட்டை தாங்குகிறது" என்று சொல்கிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஒரு சேவல் இருக்கும். பண்ணை முட்டை சேவலே இல்லாத கொட்டகையிலிருந்து வருவது. அதில் வளர எதுவும் இல்லை.

ஆகவே உங்கள் வீட்டு முட்டையைக் கோடையில் எடுத்த அன்றே, கழுவாமல், ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மழை, பனிக் காலங்களில் நிழலான, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வரை வெளியே வைத்துச் சமைக்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலையே குறைவு. சேவலை விற்றுவிட்டால் மறுநாளே பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். கோழியின் முட்டைக்குழலில் உள்ள நுண்ணிய மடிப்புகளில் சேவலின் விந்தணுக்கள் இரண்டு வாரம் போல உயிரோடு தங்கியிருக்கும். அதுவரை கருக்கூடிய முட்டை வந்துகொண்டுதான் இருக்கும். சேவல் இல்லாத வீட்டிலும் முட்டையில் சில சமயம் ஒரு ரத்தப்பொட்டு தெரியும். அது கருவல்ல, மஞ்சள் கரு விடுபடும்போது சினைப்பையில் ஒரு மெல்லிய நாளம் அறுந்ததன் அடையாளம். கத்தி முனையால் எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம்.

கழுவாத முட்டையை ஃப்ரிட்ஜில் வைப்பது அசுத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். கதவில் உள்ள குழிகளில் திறந்தபடி, தயிருக்கும் நறுக்கிய பழத்துக்கும் மேலே அடுக்கினால் அசுத்தம்தான். மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு உள் தட்டில் வையுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆட்டமும் வெப்ப மாற்றமும் கதவுக்குத்தான் அதிகம். கூர்முனை கீழே, மழுங்கிய முனை மேலே. அப்போது காற்றறை மேலேயே நிற்கும், மஞ்சள் கரு நடுவில் இருக்கும். இப்படி வைத்தால் மூன்று நான்கு வாரம் தாராளமாகத் தாங்கும்.

ஒருமுறை ஃப்ரிட்ஜுக்குள் போன முட்டை சமைக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். வெளியே எடுத்து வைத்தால், குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வேர்ப்பதைப்போல முட்டையும் வேர்க்கும். அந்த ஈரத்தில் ஓட்டின் மேலிருக்கும் கிருமிகள் நீந்தி உள்ளே போகும். நாம் கழுவாமல் தவிர்த்த அதே சங்கடம் பின்வாசல் வழியாக வந்துவிடும். கேக்குக்காக அறை வெப்பத்துக்கு வர வேண்டும் என்றால் தேவையான எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். மீந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

அடை வைக்கும் முட்டைக்கு இந்த விதிகள் கொஞ்சம் மாறும். அதைக் கழுவவே கூடாது, ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. சுத்தமான, நடுத்தர அளவு முட்டைகளாகப் பொறுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் கூர்முனை கீழாக வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைக்கோழிக்கு வைத்துவிட வேண்டும். 21ஆம் நாள் குஞ்சு வரும். கேழ்வரகுப் பானையிலோ அரிசிப் பானையிலோ முட்டையைப் புதைத்து வைக்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. இருட்டு, உலர்வு, மட்டான வெப்பம் மூன்றும் கிடைப்பதால் அது நல்ல வழிதான். எச்சம் ஒட்டிய முட்டையைச் சோற்றரிசிக்குள் புதைக்க மட்டும் எனக்குச் சம்மதமில்லை. அதற்கென்று ஒரு சட்டி உமி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பே சொன்னேன், அழுக்கு முட்டை என்பது கூட்டின் கோளாறு. பத்து முட்டையில் ஒன்றிரண்டு அழுக்காக வந்தால் அது இயல்பு. பாதிக்குப் பாதி வந்தால் கோழியைப் பஞ்சாரத்திலேயோ கூட்டிலேயோ கவனியுங்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: முட்டையிடும் இடத்திலேயே கோழிகள் இரவில் படுக்கின்றன. கோழி இரவெல்லாம் எச்சமிடும். காலையில் அதே இடத்தில் முட்டையிடும். அவை உட்கார்ந்து தூங்க முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு கட்டிக் கொடுங்கள். உயரமான இடம் இருந்தால் கோழி தாழ்வான இடத்தில் தூங்காது. மரத்தில் ஏறி அடையும் பழக்கம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. சாயங்காலம் பெட்டியின் வாயை ஒரு பலகையால் அடைத்து, விடியும்போது திறந்துவிட்டால் சில நாளில் பழகிவிடும்.

பெட்டிக்கு ஒரு பழைய மரப்பெட்டியோ கூடையோ போதும். ஒரு கோழி திரும்பி உட்கார இடம் இருந்தால் சரி. நாலைந்து கோழிக்கு ஒன்று வீதம் வையுங்கள். அதற்கு மேலும் கோழிகள் ஒரே பெட்டிக்குப் போட்டி போட்டால் மிதிபட்டு முட்டை உடையும், உடைந்த முட்டை மற்றவற்றின்மேல் அப்பும், முட்டை தின்னும் கெட்ட பழக்கமும் அங்கேதான் தொடங்கும். உள்ளே நன்றாகக் காய்ந்த வைக்கோலை நாலு விரல் கனத்துக்குப் போட்டு, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மரத்தூள், குறிப்பாகப் பொடியானது, இட்டவுடன் ஈரமாக இருக்கும் முட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றுக் காலோடு வந்து பெட்டியில் ஏறுவதுதான் பெரிய தொல்லை. பெட்டிக்கு முன்னால் ஒரு சாக்கோ, செங்கல் பரப்போ போட்டால் சேறு பாதி அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான கோழிகள் காலையிலிருந்து மதியத்துக்குள் இட்டுவிடும் என்பதால், பதினொரு மணிக்கு ஒருமுறை, மாலை ஒருமுறை எடுத்தால் முட்டை கிடந்து அழுக்காகும் நேரமும் குறையும், வெயிலும் படாது.

இத்தனையும் செய்தும் எச்சம் ஒட்டிவந்தால் கோழியின் பின்புறத்தைப் பாருங்கள். சிறகுகள் எச்சத்தில் ஒட்டிக்கிடந்தால் கோழிக்குக் கழிச்சல். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, இரை எடுக்காமல் உறங்கி விழுந்துகொண்டிருந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அந்தக் கோழியைத் தனியே அடைத்துவிட்டு அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அந்த நேரத்தில் முட்டையைக் கழுவுவதா வேண்டாமா என்ற ஆராய்ச்சி தேவையில்லை.

வைக்கோல்போருக்குப் பின்னால், வேலி ஓரத்தில் என்று கோழி ரகசியமாக இட்டுவைத்த பத்துப் பன்னிரண்டு முட்டைகள் ஒருநாள் கையில் அகப்படும். எது என்றைக்கு இட்டது என்று தெரியாது. விளக்கொளியில் பார்த்துச் சந்தேகமானதைக் கழித்துவிடுங்கள். மீதியை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகே சட்டியில் சேருங்கள். ஒரு கூமுட்டை ஒன்பது நல்ல முட்டையையும் சேர்த்துக் கொட்டவைத்துவிடும்.

கடைசியாக, எந்தக் கழுவலும் எட்டாத ஒரு விஷயம். சால்மோனெல்லா வகைகளில் ஒன்று கோழியின் சினைப்பையிலேயே குடியேறக்கூடியது. அது ஓடு கட்டுவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். கோழி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், முட்டையும் பளிச்சென்று இருக்கும். அதற்கு மருந்து அடுப்புதான்: வெண்கருவும் மஞ்சள் கருவும் கெட்டியாகும்வரை, அதாவது நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டும்வரை வேக வேண்டும். ஆஃப்பாயில் பிரியர்களை நான் தடுக்கவில்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவர் தெரிந்தே எடுக்கும் சின்னத் துணிச்சல் அது. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அதைக் கொடுக்காதீர்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைக்குச் சத்து சேர வேண்டும் என்ற அக்கறையில் செய்வதுதான். ஆனால் சத்துக் கணக்கிலேயே அது நட்டம்: வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் போலச் செரிக்கிறது, பச்சை முட்டையில் ஏறத்தாழப் பாதிதான் என்று 1998இல் பெல்ஜியத்தில் வெளிவந்த ஆய்வு காட்டியது. பச்சை வெண்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற உயிர்ச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதே முட்டையை அதே நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுங்கள். பிள்ளையும் முகம் சுளிக்காமல் சாப்பிடும்.

அவிக்க நினைத்தால் மட்டும் நான்கைந்து நாள் ஆன முட்டையாக எடுங்கள். அன்று இட்டதை அவித்தால் வெண்கரு சவ்வோடு ஒட்டிக்கொண்டு ஓடு பிய்ந்து பிய்ந்து வரும். கரியமில வாயு மெல்ல வெளியேறி வெண்கருவின் காரத்தன்மை கூடிய பிறகுதான் எளிதாக உரியும். பக்கத்து வீட்டுக்கு முட்டை கொடுக்கிறீர்கள் என்றால், எடுத்த தேதியை ஓட்டின்மேல் பென்சிலால் எழுதி, ஃப்ரிட்ஜில் இருந்ததா வெளியில் இருந்ததா என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.